கண்ணாடியில் முகம் தெரியும் இடம்

வண்டியைப் பின்பக்கமாக எடுக்கும்போது வழி காட்டுகிறவர், ஓட்டுகிறவரின் பக்கக் கண்ணாடியில் தன் முகம் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். எளிய விஷயம்தான். ஆனாலும் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. வண்டிக்கு நேர் பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் காப்பி, வாயில் "வா, வா, வா." ஓட்டுகிறவருக்குக் காதும் கேட்காது, ஆளும் தெரியாது. கடைசியில் வண்டியின் பின் ஏணி வளைந்துவிட்டது, விளக்கு உடைந்துவிட்டது என்று மனைவியும் கணவனும் இரண்டு நாள் பேசாமல் இருக்கிறார்கள். குளிர்காலம் முழுவதும் இந்தப் பாலைவனத்தில் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

ஓச்சோவா மேடம், நீங்கள் கேட்டபோது என்னால் பேச முடியவில்லை. புது ஆட்கள் முன்னால் எனக்கு வார்த்தை தொண்டையில் நின்றுவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எழுதித் தருகிறேன் என்று தலையசைத்தேன். நீங்களும் சரி கண்ணு, அவசரமில்லை என்றீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் சொன்ன ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வண்டியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். முப்பத்தாறு அடி வீட்டுவண்டி, உள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. டீசல் எஞ்சின் பின்பக்கத்தில் இருக்கும். ஓட்டுகிறவருக்குச் சத்தம் தெரியாது, நிம்மதியாக ஓட்டலாம். பின்னால் நிற்கிறவருக்கோ காதருகில் வந்து கத்தினால் ஒழிய எதுவும் காதில் விழாது. அதனால்தான் இந்த மாதிரி வண்டிக்கு வாய் உதவாது, கை வேண்டும்.

நான் எட்டாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பா ஒஹாயோவில் இருந்த வீட்டை விற்று இதை வாங்கினார். அம்மாவுக்கு வீடுதான் வேண்டும் என்று இருந்தது. அவள் அங்கேயே வேறொரு வீட்டில், வேறொருவரோடு இருந்துகொண்டாள். வண்டியிலேயே பாடம் படிக்கலாம் என்று அப்பா புத்தகங்கள் வாங்கினார். ஒரு வருடம் படித்தேன். பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்குப் படிக்க வேறு விஷயங்கள் இருந்தன. கழிவுத்தொட்டியின் வாயை ஒருபோதும் திறந்தே வைக்கக் கூடாது. தண்ணீர் வடிந்துபோகும், கெட்டியானது அடியில் காய்ந்து கல்லாகிவிடும். டயரைத் தேய்மானம் பார்த்து மாற்றக் கூடாது, வயது பார்த்து மாற்ற வேண்டும். வீட்டுவண்டிகள் தங்கும் முகாமின் குழாயில் நேராகத் தண்ணீர் எடுத்தால் அழுத்தம் தாங்காமல் உள்ளே இணைப்பு விட்டுவிடும். இதெல்லாம் எனக்குப் பதினைந்து வயதிலேயே தெரியும். ஆனால் நான் நன்றாகச் செய்தது வழி காட்டுவதுதான்.

அதற்கு எங்களுக்குள் ஒரு மொழி இருந்தது. இரண்டு உள்ளங்கையும் என் மார்பை நோக்கி மடங்கினால், வா. இரண்டு கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி எவ்வளவோ அவ்வளவுதான் பின்னால் இடம் இருக்கிறது. இடைவெளி குறையக் குறைய அவர் வேகத்தைக் குறைப்பார். முஷ்டியைத் தூக்கினால், நில். தலைக்கு மேல் கைகளைக் குறுக்கே வைத்தால், என்ன ஏது என்று கேட்காமல் பிரேக்கை மிதி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. என் முகம் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் அவர் வண்டியை நகர்த்த மாட்டார். தெரிந்தால், என் கை சொல்வதைத் தவிர வேறு எதையும் யோசிக்க மாட்டார்.

அவர் என்னைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார். "ஏ கண்ணாடி, கீழ இறங்கு, இடம் வந்துடுச்சு." ஷெல்பி என்ற என் பெயரை அவர் வாயில் கேட்டது குறைவு.

என் கை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. மூன்று மாநிலங்களின் மலை முகாம்களில், மரத்துக்கும் பாறைக்கும் நடுவில் உள்ளங்கை அகலம்கூட மிச்சமில்லாத இடங்களில் அந்த வண்டியை நிறுத்தியிருக்கிறோம். மற்ற வண்டிக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். யாராவது தடுமாறினால் பார்ப்பதற்கு அவர்களுக்கு ஆசை. எங்களிடம் அது கிடைக்காது.

நோரீன் போன வருடம் குளிர்காலத்தில் வந்தாள். தனியாக ஒரு சின்ன வேனில் பயணம் செய்துகொண்டிருந்தாள். கழிவுத்தொட்டியின் வாயைத் திறந்தே வைத்திருந்து, எல்லாம் கல்லாகி, முகாம் முழுக்க நாற்றம் அடித்தது. அப்பாதான் போய் உதவினார். அப்படித்தான் பழக்கம். அவள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். நல்லவள். பச்சை மிளகாய் போட்டுப் பன்றிக்கறிக் குழம்பு வைப்பாள், எனக்கு என்று தனியாகக் காரம் குறைத்து எடுத்துவைப்பாள். நான் பதில் பேசாவிட்டாலும் பேசிக்கொண்டே இருப்பாள். "என்னை என்ன வேணா கூப்பிடு ராசாத்தி. கிழவின்னு கூப்பிட்டாலும் சரி. ஏதாவது ஒண்ணு கூப்பிட்டா போதும்," என்று ஒருமுறை சொன்னாள். நான் எதுவும் கூப்பிடவில்லை. வரவில்லை.

அவள் ஒருமுறை வழி காட்டினாள். அப்பாதான், அவளும் பழகட்டும் என்றார். அவள் ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினாள், ரயில் ஏற்றிவிட வந்தவள் மாதிரி. நடுவில் பக்கத்து இடத்து ஓடிஸைப் பார்த்து அதே கையால் வணக்கமும் சொன்னாள். அப்பா அதை வா என்று எடுத்துக்கொண்டு, ஓடிஸ் வெளியே போட்டிருந்த சாப்பாட்டு மேசைமேல் வண்டியை ஏற்றிவிட்டார். ஓடிஸ் மின்னசோட்டாக்காரர். ஒவ்வொரு குளிர்காலமும் இங்கேதான் இருப்பார், கிண்டல் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது.

"யோவ் வெண்டல், அந்தம்மா எனக்கு ஹலோ சொன்னாங்கய்யா. நீ எதுக்கு என் மேசைமேல ஏறுற? பொறாமையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நோரீன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் மேசையின் உடைந்த காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைக்குப் பதிலாக அங்கே ஒரு குழந்தை இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் கேமரா வந்தது. நோரீன் தன் காசில் வாங்கினாள். வண்டியின் பின்னால் மேலே ஒரு கேமரா, அப்பாவுக்கு முன்னால் ஒரு சின்னத் திரை. "பாவம், இந்த வெயில்ல பொண்ணு எதுக்கு நிக்கணும்," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அப்பாவும் திரையைப் பார்த்துப் பின்னால் எடுக்கப் பழகிக்கொண்டார். நான் வழக்கம்போல் இறங்கி நிற்பேன். கை தூக்குவேன். அவர் கண்ணாடியைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே வருவார். யாரும் பார்க்காத கையைத் தூக்கி நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கம்பியில்லாத கேமரா நீளமான வண்டிக்குச் சரிவராது, திடீரென்று படம் நின்றுவிடும். மண் ரோட்டில் வந்தால் ஒவ்வொரு தடவையும் கண்ணாடி வில்லையைத் துடைக்க வேண்டும். துடைக்கும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

இந்த வருடம் எல்லாமே மோசமாகப் போயிற்று. நாங்கள் வழக்கமாகத் தங்கும் முகாம்கள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. புது முதலாளிகள் வாடகையை ஏற்றுகிறார்கள், பத்து வருடத்துக்கு மேல் பழைய வண்டி என்றால் உள்ளேயே விடுவதில்லை. எங்கள் வண்டிக்குப் பதினேழு வயது. முன்கூட்டியே போட்டோ அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பினால் பதிலே வராது. எஞ்சின் எப்படி இருக்கிறது, கூரை ஒழுகுகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. வயது மட்டும் கேட்கிறார்கள். ஒரு இடத்தில் வாசலில் இருந்த பையன் எங்கள் வண்டியின் பக்கவாட்டில் வெளுத்துப்போன வண்ணப்பட்டையைப் பார்த்துவிட்டு, இடம் இல்லை என்றான். அவனுக்குப் பின்னால் பாதி முகாம் காலியாகக் கிடந்தது. இரண்டு வாரம் கடை வாசல்களிலும் மண் வெளியிலும் கிடந்தோம். தண்ணீர் தீர்ந்து, அப்பாவுக்கு முதுகுவலி வந்து, இனி முடியாது என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நோரீன்தான் குவார்ட்ஸைட் ஊருக்கு வெளியே காப்பர் வாஷ் முகாமைக் கண்டுபிடித்தாள். பழைய முகாம், பழைய வண்டியை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. வந்தால் நிரந்தரமாக வர வேண்டும். வண்டியை நிறுத்தி, அடியில் பலகை அடித்து, சக்கரத்தைக் கழற்றி, முன்னால் கூரை போட்டு, வீடு மாதிரி ஆக்கிவிட வேண்டும். அப்பா உடனே சம்மதித்தார். என்னை டுல்சாவில் இருக்கும் நோரீனின் தங்கை வீட்டில் கொஞ்ச நாள் விடலாம், பள்ளிப் பரீட்சையை எழுதி முடித்தால் ஏதாவது வேலைக்குப் போகலாம் என்றும் பேசி வைத்திருந்தார்கள். என்னிடம் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். என் விஷயத்தில் எல்லோரும் எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

அன்று காலை பத்து மணி இருக்கும். முகாமுக்குள் வரும் வழி முழுக்க மண். முந்தின நாளும் மண் ரோடுதான். நான் கேமராவைத் துடைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். நான் மறக்கவில்லை. திரையில் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. அப்பா திரையை இரண்டு தட்டு தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது வேலைக்காகாது. கண்ணாடி, நீயே இறங்கு."

ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. நான் பார்த்தேன். நீங்கள் அவரிடம் கேட்டால் அவரும் ஒப்புக்கொள்வார்.

அந்த முகாமை அமைத்தவர்களுக்கு அறிவே இல்லை. வண்டிக்கு மின்சாரம் எடுக்கும் மின்பெட்டியையும், தொட்டியைக் காலிசெய்யும் கழிவுநீர் வாயையும் பக்கவாட்டில் வைப்பதுதான் முறை. இங்கே இரண்டையும் இடத்தின் பின்கோடியில், வண்டிக்கு நேர் பின்னால் வைத்திருக்கிறார்கள். மின்பெட்டியை வண்டி இடிக்காமல் இருக்க, அதற்கு முன்னால் இரண்டு இரும்புக் கம்பங்களைக் காங்கிரீட் போட்டு நட்டிருக்கிறார்கள். கழிவுநீர் வாய் அந்தக் கம்பங்களின் காலடியில் இருக்கிறது. அங்கே குனிகிறவரை எந்தக் கண்ணாடியும் காட்டாது. இதை முகாம்காரர்களிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

நான் இடப்பக்க மூலையில், அப்பாவின் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்றேன். அவர் கண்ணைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். கை மடக்கினேன். வண்டி நேராக வந்தது. கொஞ்சம் வலப்பக்கம் ஒடிக்கச் சொல்லிக் கை காட்டினேன், ஒடித்தார். பழைய மாதிரியே இருந்தது. ஓடிஸும் எங்களுக்கு முன்பே இந்த முகாமுக்கு வந்துவிட்டிருந்தார். எதிர் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இந்தப் பெண் கை அசைத்தால் கப்பலே கரைக்கு வரும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். அவர் வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பின்னால் நடந்தது அவருக்குத் தெரியாது.

கம்பத்துக்கு இன்னும் ஒரு கட்டில் நீளம் இருந்தபோது நோரீன் கழிவுக்குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வண்டி பின்னால் வரும்போது யாரும் பின்னால் போகக் கூடாது. அதையும் நாங்கள் அவளிடம் பல தடவை சொல்லியிருக்கிறோம். நான் உடனே முஷ்டியைத் தூக்கினேன். அப்பா நிறுத்தினார். இதைக் கவனியுங்கள். அந்த நிமிடம்வரை நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன்.

அவள் என் காதருகில் வந்து கத்திச் சொன்னாள். "அப்பாவ அப்படியே நிக்கச் சொல்லு கண்ணு. இந்த மூடி துருப்பிடிச்சுக் கிடக்கு, தொறக்குதான்னு பாத்துடறேன். தொறக்கலன்னா வேற எடம் கேட்கணும்."

தலையசைத்தேன். அவள் கம்பங்களுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடுக்கியால் மூடியைத் திருகினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் எடுக்கும்போது கூவுகிற ஒலிப்பான் எங்கள் வண்டியில் கெட்டுப்போய்ப் பல வருடம் ஆகிறது. என் கை இருக்கும்போது அது எதற்கு என்று நாங்கள் மாற்றவில்லை.

மூடி திறந்துவிட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. அப்போது கத்திச் சொன்னாள், எஞ்சின் சத்தத்தில் பாதி உதட்டைப் பார்த்துத்தான் புரிந்தது.

"தொறந்துடுச்சு ராசாத்தி. இதான் கடைசி ரிவர்ஸ். இனிமே நீ கையைக் கீழ போட்டுடலாம்."

குழாயின் முனையைப் பொருத்துவதற்காகத் திரும்பவும் குனிந்தாள்.

என் முஷ்டி விரிந்தது. நீங்கள் என்னைக் கேட்டபோது, பேச முடியாமல், கையைத் தூக்கி விரித்துக் காட்டினேன். நீங்கள் என் தோளைத் தொட்டு, "கை தவறிடுச்சு கண்ணு. வெயிலு, பூச்சி, எதையோ விரட்டப் போயிருப்ப. அப்பா அதை வான்னு எடுத்துக்கிட்டாரு. யாருக்கும் நடக்கும்," என்றீர்கள். உங்களோடு வந்த போலீஸ்காரரும் தலையாட்டினார். ஓடிஸ்கூட, அன்றைக்கு மேசை உடைந்த கதையைச் சொல்லி, இந்தக் கைச்சைகை எல்லாம் இப்படித்தான் குழப்பம், ஆளாளுக்கு ஒரு ரேடியோ வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். முகாம் முழுக்க இப்போது அதுதான் பேச்சு. பெண்கள் எனக்கு ரொட்டியும் சூப்பும் கொண்டுவந்து, உன்மேல் தப்பில்லை, கை தவறினதுக்கு நீ என்ன பண்ணுவாய் என்கிறார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள்.

என்னால் இதைத் தாங்க முடியவில்லை. என்னையும் நோரீனையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். யாருக்கும் நடக்கும் என்கிறார்கள். யாருக்கும் நடக்கலாம். எனக்கு நடக்காது. பூச்சியை விரட்டுகிற கை ஒன்றாக, பக்கவாட்டில் போகும். வா என்று சொல்கிற கைகள் இரண்டாக, மார்பை நோக்கி மடங்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஏழு வருடம் அந்த வண்டியின் பின்னால் நான் நிற்கவில்லை.

அப்பா உங்களிடம் சொன்னதையும் திருத்த வேண்டும். கண்ணாடியைப் பார்க்காமல், அவசரப்பட்டு, தானாகவே வண்டியை எடுத்துவிட்டதாகச் சொன்னாராம். அதனால் வழக்கு அவர்மேல் வரலாம் என்றீர்கள். எனக்கு அதைக் கேட்டதும்தான் மிகவும் வருத்தமாக இருந்தது. அவர் பார்த்தார். அவர் கண் என் முகத்தில் இருந்தது. நோரீன் எங்கே என்று தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்படி ஒரு சைகை எங்களிடம் இல்லை, ஆனாலும் எனக்குப் புரிந்தது. நான் முகத்தை மாற்றவில்லை. கை மடக்கினேன். அவர் கொஞ்சம் தயங்கினார். நான் மறுபடி மடக்கினேன். அவர் வந்தார். நான் கூப்பிட்டால் வராமல் இருக்க அவருக்குத் தெரியாது. அப்புறம் ஏன் பார்க்கவில்லை என்று சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அதிர்ச்சியில் குழம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

நான் முஷ்டியை விரித்தேன். இரண்டு கைகளாலும் வா என்றேன். இடைவெளியைக் காட்டினேன், ஒரு கட்டில் நீளத்திலிருந்து ஒரு முழம்வரை, ஒரு முழத்திலிருந்து ஒரு சாண்வரை. எப்போதும்போல் மெதுவாக, அவர் பதறாதபடி. கம்பத்தில் தட்டுவதற்கு முன் முஷ்டியைத் தூக்கினேன். வண்டியில் கீறல்கூட இல்லை. நீங்களே பார்த்தீர்கள். தவறின கை அப்படி நிறுத்துமா?

யோசித்துப் பார்த்தால், நான் யாரையும் தொடவில்லை. தொடக்கூடிய தூரத்தில்கூட நிற்கவில்லை. நான் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றேன். ஆனால் தெரிந்துதான் செய்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நோரீனின் உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு அப்பா என்னிடம் அதிகம் பேசவில்லை. துக்கத்தில் இருக்கிறார். சாப்பாட்டு மேசையில் நோரீனின் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்று, "ஷெல்பி, அந்த விளக்கை அணை," என்றார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று முதலில் நினைத்தேன். வண்டியின் பக்கக் கண்ணாடி இரண்டையும் மடக்கி, சாக்குத் துணியைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். இந்த ஊர் வெயிலுக்கு அது நல்லதுதான், கண்ணாடியின் பூச்சு உரியாமல் இருக்கும். நானே சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

இனி அந்த இடத்தில் எங்களை இருக்க விட மாட்டார்கள். வண்டியை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். வெளியே எடுப்பது உள்ளே விடுவதைவிடக் கடினம். இடப்பக்கம் மரக்கட்டை வேலி இருக்கிறது, திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் வீசிக் கூரை ஓரம் அதில் உரசும், கேமராவை நம்ப முடியாது. நீங்கள் என்னிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடிக்கும்வரை அவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். வேறு யாரையும் பின்னால் நிற்க வைக்க வேண்டாம். என் முகம் தெரியாமல் அவர் வண்டியை எடுக்கவே மாட்டார்.